சத்தம் நின்ற இடம்

அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். பெஞ்சில் உட்காருங்கள். பையை ஏன் மடியிலேயே வைத்திருக்கிறீர்கள்? கீழே வையுங்கள்.

விருதுநகரிலிருந்து இதைப் பார்க்கவென்றே பஸ் ஏறி வந்தீர்களா? நல்லது. ப்யூஸ் போன சி.எப்.எல். பல்பைப் பழைய பாட்டரியில் எரியவிடுகிற குருவையா வீடு எது என்று கேட்டிருப்பீர்கள். பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொல்லியிருப்பார்கள். சொல்லும்போது சிரித்திருப்பார்களே? சிரிக்கட்டும். அருப்புக்கோட்டையில் சிரிக்கிறவனுக்குப் பஞ்சமில்லை. கரண்ட் போனால் பனையோலை விசிறியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவான், மந்திரியைத் திட்டுவான், கரண்ட் வந்ததும் உள்ளே போய் சீரியல் பார்ப்பான். அவனுக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான்.

உங்கள் சர்க்யூட்டை எடுங்கள் பார்ப்போம். ம். இந்தக் கம்பிக் காயிலைச் சுற்றியது யார், நீங்களேவா? கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், புத்தகத்தைப் பார்த்துச் செய்கிற எல்லோருமே இப்படித்தான் சுற்றுகிறார்கள். டிரான்சிஸ்டர் கருகிப் போகிறதா? போகத்தான் செய்யும். என்னிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் அதே பாட்டுத்தான். போன வருஷம் ஒருவர் வந்தார், ரிட்டையரான கணக்கு வாத்தியார். அவர் செய்த சர்க்யூட்டில் பல்பு எரியவில்லை, மேஜை எரிந்துபோயிற்று.

மேலே பாருங்கள். உத்தரத்துக் கொக்கியில் தொங்குகிறதே, அதுதான் என்னுடையது. கரண்ட் சாயங்காலம் போகும், அப்போது போட்டுக் காட்டுகிறேன். சர்க்யூட்டையும் சொல்லித் தருகிறேன். அதற்கு முன்னால் அந்த விளக்கினால் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தெருவில் வேறு மாதிரி சொல்லுவார்கள், நீங்களும் தலையை ஆட்டிக்கொண்டு போவீர்கள்.

நான் ஸ்பின்னிங் மில்லில் பிட்டராக இருந்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் நூல் நூற்கிற ரிங் பிரேம் ஓடுகிற ஷெட்டுக்குள் நின்றவன். அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பக்கத்தில் இருக்கிறவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். நாங்கள் கையாலேயே பேசிக்கொள்வோம். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் எந்தக் கதிரில் எண்ணெய் இல்லை, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று நடந்துகொண்டே சொல்லுவேன். மானேஜர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'நம்ம காது எங்கேப்பா?' என்றுதான் கேட்பார். அப்படிப்பட்ட காது இது. இந்தக் காதுக்கு வந்து சேர்ந்த அவமானத்தைத்தான் சொல்கிறேன்.

என் சம்சாரம் போய் வெகுகாலம் ஆகிறது. ஒரே பையன், ஜெயபிரகாஷ். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவனுக்குச் சாத்தூரில் பெண் எடுத்தேன். இந்துராணி. நல்ல பெண் என்றுதான் நினைத்தேன், இப்போதும் கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பொய்யைப் பிடித்தால் பிடித்த பிடியில் நிற்கிற பெண். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஐந்தாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தாள். பேரனுக்கு சர்வேஷ் என்று பேர். 'ஷ்' என்று முடிந்தால்தான் பேர் என்று ஆகிவிட்ட காலம். எங்கள் அப்பா பேரை வைக்கச் சொன்னேன். 'ஸ்கூல்ல சிரிப்பாங்க மாமா' என்றாள். விட்டுவிட்டேன். நான் விட்டுக்கொடுக்காத ஆள் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அவள் வந்த நேரம்தான் கரண்ட் கட்டின் உச்சம். பேப்பரில் ஒரு நேரம் போடுவார்கள், கரண்ட் வேறொரு நேரம் போகும். கோடை வேறு. தெருவில் வசதி உள்ளவன் கடையில் போய் இன்வெர்ட்டர் வாங்கி மாட்டினான். பெட்டியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தனாவது பார்த்திருப்பானா? சுவிட்சைத் தட்டத் தெரிந்தவன் எல்லாம் என்னிடம் வந்து, 'அண்ணாச்சி, நீங்களும் ஒண்ணு வாங்கிருங்க' என்று புத்தி சொன்னான்.

நான் வாங்கவில்லை. ஒரு லாரி பாட்டரி, கழித்துப் போட்டது, அதை எடுத்து ஆசிட் மாற்றினேன். செத்துப்போன டிவி ஒன்றிலிருந்து ஒரு கோர் எடுத்தேன், கருப்பாக, கல் மாதிரி இருக்கும். அதில் என் கையால் கம்பி சுற்றினேன். பல்பு எங்கே எடுத்தேன் தெரியுமா? குப்பையில். தெருவில் எல்லோரும் ப்யூஸ் போய்விட்டது என்று தூக்கிப் போட்ட பல்புகள். உள்ளே இழை அறுந்திருக்கும், அவ்வளவுதான், வாயு அப்படியே இருக்கும். வேண்டிய வேகத்தில் கரண்டைத் துடிக்கவிட்டால் இழையே இல்லாமல் எரியும். கடைக்காரன் செத்தது என்று சொன்ன பல்பு என் வீட்டில் பளிச்சென்று எரிந்தது. முதல் நாள் எரிந்தபோது நான் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறதற்கு வேறு யாரும் இல்லை.

அதனால்தான் பிள்ளை வரப்போகிறது என்றதும் இங்கே நடுக்கூடத்தில் மாட்டினேன். பக்கத்துக் கொக்கியில் தொட்டில் கட்டினோம். தாத்தா செய்த வெளிச்சத்தில் பிள்ளை கண் திறக்கட்டும் என்று நினைத்தேன். இது தப்பா?

முதலில் அதில் சத்தம் இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்கிறவன் நான் இல்லை. விசில் மாதிரி ஒரு சத்தம். எனக்கும் கேட்டது. இந்து வந்து, 'மாமா, அந்தச் சத்தத்துல பிள்ள முழிச்சுக்கிறான்' என்றாள். நான் கோபப்பட்டேனா? இல்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

எழுந்து வந்து பாருங்கள், இதோ இந்தச் சின்ன ப்ரீசெட். இதைத் திருகினால் உள்ளே துடிப்பின் வேகம் கூடும். வேகம் கூடக் கூடச் சத்தம் மேலே ஏறி மெலிந்துகொண்டே போகும். விளக்குக்கு அடியில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, காதை இப்படி ஒட்டி வைத்துக்கொண்டு, மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். விசில் கீச்சென்று ஆயிற்று. கீச்சு ஊசி மாதிரி ஆயிற்று. அப்புறம் நூல் மாதிரி ஆகி, ஒரு இடத்தில் நின்றது. சுத்தமாக நின்றது. அதே இடத்தில் ஒரு சொட்டு அரக்கை உருக்கி விட்டு ஸ்க்ரூவின் தலையை மூடினேன். மில்லில் செட்டிங் முடிந்த திருகுக்குப் பெயின்ட் வைப்போம். இனி எவனும் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம்.

இறங்கி வந்து, 'இப்போ எப்படிம்மா இருக்கு?' என்று கேட்டேன்.

அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். 'இப்போதான் மாமா ரொம்ப மோசமா இருக்கு' என்றாள்.

கேட்டீர்களா? ஒரு மனிதன் ஸ்டூலில் ஏறி, கழுத்து ஒடிய நின்று, சத்தத்தை அடியோடு எடுத்திருக்கிறான். எடுத்த பிறகு, இப்போதுதான் மோசம் என்கிறாள். நான் என்ன நினைப்பேன்? அம்மா வீட்டுக்குப் போக வழி தேடுகிறாள் என்று நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் நினைப்பார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. விளக்கைப் போட்டால் பிள்ளை அழும். சும்மா சிணுங்குகிற அழுகை இல்லை. உடம்பை வில் மாதிரி வளைத்துக்கொண்டு, மூச்சு நின்று நின்று, முகம் கருத்து, அப்படி ஓர் அழுகை. வசம்பு சுட்டு உரைத்துக் கொடுக்கச் சொன்னேன். ஓமத் தண்ணீர் கொடுத்தோம். தூக்கினதில் சுளுக்கி உரம் விழுந்திருக்கும் என்று ஒரு கிழவியைக் கூட்டி வந்து தடவச் சொன்னேன். பள்ளிவாசலில் ஓதச் சொல்லிக் கயிறு கட்டினேன். டாக்டரிடம் கூட்டிப் போனாள், பகலில். அங்கே பிள்ளை அவர் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து விளையாடியதாம். 'பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல' என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். படித்தவர்கள் லட்சணம் அப்படி. அழுகிற பிள்ளைக்கு ஒன்றும் இல்லையாம்.

பால் செரிக்காத பிள்ளையாக இருக்கும், வாயு இருக்கும், தாய்ப்பால் சூடாக இருக்கும், எவ்வளவோ இருக்கும். இவள் ஒன்றையே சொன்னாள். விளக்குச் சத்தம். விளக்குச் சத்தம்.

இதில் பக்கத்து வீட்டுக் கூத்து ஒன்று. அங்கே டியூஷன் நடக்கும். பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நானே இரக்கப்பட்டு, 'இங்கே வந்து படிங்கப்பா' என்று கூடத்தைத் திறந்துவிட்டேன். வந்தன. கொஞ்ச நேரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு காதில் விரலை விட்டுக்கொண்டன. அடுத்த நாள் ஒன்றுகூட வரவில்லை. மெழுகுவர்த்தியில் படிக்கிறதாம். அடுப்படி ஜன்னல் வழியாக இவள் என்ன சொல்லிக் கொடுத்தாளோ. வாசலில் படுத்துக் கிடக்கிற தெருநாய், நான் சோறு போட்டு வளர்த்த நாய், அதுவும் விளக்குப் போட்டால் எழுந்து கோடி வீட்டுக்குப் போயிற்று. நாய்க்குமா சொல்லிக் கொடுப்பாள் என்று கேட்காதீர்கள். நாய் எவன் எலும்பு போடுகிறானோ அவன் வீட்டுக்குப் போகும்.

பெரியவர்களைக் கேளுங்கள். என் வயசுக்காரர்கள் எத்தனையோ பேர் வந்து இந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து சீட்டாடியிருக்கிறோம். பங்காளி ராமசுப்பு, கூட மில்லில் இருந்த சீனிப்பாண்டி, இன்னும் யார் யாரோ. ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. உலகம் தெரிந்தவர்களுக்குக் கேட்காத சத்தம், ஒன்றும் தெரியாததுகளுக்கு மட்டும் கேட்கிறது என்றால் அதற்கு என்ன பேர்? நீங்களே சொல்லுங்கள்.

பிறகு அவள் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். நான் விளக்கைப் போட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். துவைக்கிற கல்லில், இருட்டில், கொசுக்கடியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறுவாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிடும். கூடத்தில் பட்டப்பகல் மாதிரி வெளிச்சம், அதற்கடியில் நான் ஒருத்தன், வெறும் தொட்டில். கொல்லையில் அவர்கள் இரண்டு பேரும் இருட்டில். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒரு நாள் கதவோரம் போய் நின்று, 'ஏம்மா, ஊர்ல அவனவன் வெளிச்சம் இல்லாமக் கிடக்கான். எரியுற விளக்கை விட்டுட்டு இங்க வந்து உக்காந்திருக்கியே, இது நல்லா இருக்கா?' என்று கேட்டேன்.

அவள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: 'இருட்டாவே இருக்கட்டும் மாமா. எங்களுக்கு இருட்டே போதும்.'

எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

சம்பந்திக்குச் சொல்லியனுப்பினேன். வெயில்முத்து. பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். அந்தக் காலத்து பஸ், இன்ஜின் டிரைவர் பக்கத்திலேயே உறுமிக்கொண்டு வரும், அந்த மாதிரி பஸ். பாவப்பட்ட மனுஷன், அதிகம் பேச மாட்டார். அவரை இதே பெஞ்சில் உட்கார வைத்தேன். 'சம்பந்தி, நானும் பேச மாட்டேன், உங்க மகளும் பேச வேண்டாம். நீங்களே கேட்டுச் சொல்லுங்க' என்று விளக்கைப் போட்டேன். பிள்ளை வழக்கம்போல ஆரம்பித்தது. இந்து அதைக் கொல்லை வழியாகப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து நின்றாள். அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். எழுந்து விளக்குக்குக் கீழே போய் நின்றார். மகள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

'எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா' என்றார்.

அந்தப் பெண் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. 'அப்போ எனக்குத்தான் கோளாறாப்பா?' என்று கேட்டாள். பெற்ற தகப்பனே சாட்சி சொன்ன பிறகு அதற்கு மேல் என்ன இருக்கிறது? நான் ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. சிரிக்கக்கூட இல்லை. கொஞ்சம் சிரித்திருப்பேன்.

ஆனால் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? காபி குடித்துவிட்டு மெதுவாக, 'அண்ணாச்சி, பிள்ளைய கொஞ்ச நாள் அங்க வச்சிருக்கோம்' என்றார். கேட்கவில்லை என்று சொன்ன அதே வாயால். நியாயம் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் என்றால் இந்த ஊரில் எவனும் நியாயத்தின் பக்கம் நிற்க மாட்டான்.

கிளம்பும்போது இந்து வாசற்படியில் நின்றாள். அழவில்லை. 'மாமா, நான் கோவிச்சுக்கிட்டுப் போகல. அந்த விளக்கு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பையைக் கீழ வச்சிடுறேன்' என்றாள். பிள்ளை அவள் தோளில் இருந்துகொண்டு என் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்தது. விடவே இல்லை, அவள்தான் விரலைப் பிரித்து எடுத்தாள்.

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவேன்? இல்லாத சத்தத்துக்காக இருக்கிற விளக்கை அணைத்தால், நாளைக்கு இல்லாத நாற்றத்துக்காக அடுப்பை அணைக்கச் சொல்லுவாள்.

அப்புறம் ஜெயபிரகாஷ் லீவில் வந்தான். மதுரையில் விமானம் இறங்கி நேரே சாத்தூர். பெற்றவன் இங்கே இருக்க, முதலில் மாமியார் வீடு. இரண்டு நாள் கழித்துத் தனியாக வந்தான். பிள்ளையைக் கூட்டி வரவில்லையா என்று கேட்டேன். 'கூட்டிட்டு வரத்தான்பா வந்திருக்கேன்' என்றான். அந்தப் பேச்சே எனக்குப் பிடிபடவில்லை.

கரண்ட் போயிற்று. விளக்கைப் போட்டேன். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு மேலே பார்த்தான்.

'அப்பா, இது கேக்குதுப்பா.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'உனக்குமா? ரெண்டு நாள் சாத்தூர்ல தங்கினதுக்கே உன் பொண்டாட்டி காது உனக்கு முளைச்சிருச்சா?' என்றேன்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல். கோபப்பட்டால் பதிலுக்கு நாலு கேட்கலாம். ஒரு சோதனை வைப்போம் என்றான். அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வானாம். நான் இஷ்டத்துக்கு விளக்கைப் போட வேண்டியது, அணைக்க வேண்டியது. எரிகிற வரைக்கும் அவன் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பானாம், அணைத்தால் நிறுத்திவிடுவானாம்.

சரி என்றேன். போட்டேன், தட்டினான். அணைத்தேன், நிறுத்தினான். மறுபடி போட்டேன், தட்டினான். கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறது என்று அங்கே ஒரு சாக்கைப் போட்டு அடைத்தேன். அப்போதும் சரியாகத் தட்டினான். பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சுவிட்சை மட்டும் டக்கென்று தட்டி ஏமாற்றிப் பார்த்தேன். தட்டவில்லை. ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டு, சத்தமே காட்டாமல் ஒயரை வைத்தேன். வைத்த நிமிஷம் தட்டினான்.

எங்கேயோ ஓட்டை இருக்கிறது. பழைய வீடு, பழைய கதவு. எப்படியோ பார்த்திருக்கிறான். சின்ன வயசிலேயே கண்ணாமூச்சி ஆடினால் விரலிடுக்கில் பார்க்கிற பயல்தான் அவன்.

வெளியே வந்து எனக்குப் பாடம் எடுத்தான். ஏசி மெக்கானிக் எனக்குப் பாடம் எடுக்கிறான். 'வயசானா மெல்லிசுச் சத்தம் காதுக்கு எட்டாதுப்பா. மில்லுல நின்னவங்களுக்கு இன்னும் சீக்கிரமே போயிரும். நீங்க சத்தத்தை நிறுத்தல. உங்க காது எதுவரைக்கும் கேக்குமோ அதைத் தாண்டிக் கொண்டுபோய் வச்சிட்டீங்க. அது எங்களுக்கு நடு மண்டைல இறங்குது. பச்சப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?'

யாரைப் பார்த்து? பேரிங் தேய்வதைக் காதால் சொன்னவனைப் பார்த்து. இவன் படித்ததே அந்தக் காது சம்பாதித்ததில்தான்.

அதோடு விட்டானா? ஸ்டூலைப் போட்டான். 'உங்க விளக்கை யாரும் அணைக்கச் சொல்லலப்பா. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. இன்னும் ஒரு மயிரிழை திருகுங்க. எங்களுக்கும் கேக்காமப் போயிரும். நாளைக்குக் காலைலயே அவங்களைக் கூட்டிட்டு வந்துடுறேன்' என்று ஸ்க்ரூ டிரைவரை அரக்கில் வைத்துவிட்டான்.

நான் அவன் கையைப் பிடித்தேன். 'தொட்டேன்னா இந்த வாசப்படியை மறந்துரு' என்றேன்.

ஸ்க்ரூ டிரைவரை என் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்கினான். லீவு முடிவதற்குள் சாத்தூரில் ஒரு வீடு பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அங்கே கடையில் வாங்கின இன்வெர்ட்டர், பாட்டரி, எல்லாம் பளபளவென்று. கரண்ட் போனால் ஃபேன்கூட ஓடுமாம். பெட்டி வாங்கினவனெல்லாம் புத்திசாலி.

இருக்கன்குடி மாரியம்மன் கோவிலில் பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். கூப்பிட்டார்கள், போனேன். போகாமல் இருக்க முடியுமா? என்னைப் பார்த்ததும் யாரென்று தெரியாமல் முழிக்கும் என்று நினைத்தேன். நேரே தவழ்ந்து வந்து என் மடியில் ஏறிக்கொண்டது. பித்தானைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போயிற்று. ஒரு சிணுங்கல் இல்லை. அவ்வளவு கூட்டம், மேளம், மைக்செட், அதற்குள் தூங்குகிறது. பக்கத்தில் இருந்த இந்துவிடம் சொன்னேன், 'பாத்தியா, எங்கிட்ட அழவே இல்ல' என்று. அவள் எனக்கு இன்னொரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள்.

அப்புறம் எழுப்பித் தாய்மாமன் மடியில் வைத்துக் குத்தினார்கள். தங்கக் கம்பி காதுக்குள் இறங்கும்போது வீலென்று ஒரு கத்து கத்தியது, வாயில் சீனி போட்டதும் நிறுத்திவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காதில் கம்பி இறங்கும்போதுகூட அவன் இங்கே அழுதது மாதிரி அழவில்லை.

சரி, அது எதற்கு இப்போது.

என்ன கேட்டீர்கள்? திருகிப் பார்த்தால் என்ன என்றா? நீங்களுமா? சொல்லுங்கள், எல்லோரும் சொல்லுங்கள். அரக்கு ஒரு நிமிஷ வேலை, சூடு காட்டினால் போய்விடும். அது எனக்குத் தெரியாதா? இருக்கன்குடியிலிருந்து வந்த அன்றைக்கு நானே ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன். யார் இருக்கிறார்கள் பார்க்க? திருகியிருக்கலாம். ஸ்க்ரூ பழைய இடத்திலேயேதான் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டி வந்து தொட்டிலில் போடலாம், விளக்கையும் போடலாம்.

போட்டு, அவன் அழாமல் தூங்கிவிட்டால்?

ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிடுமே.

இறங்கிவிட்டேன்.

இதோ போய்விட்டது பாருங்கள் கரண்ட். பேப்பரில் போட்ட நேரம் இது இல்லை. அசையாமல் உட்காருங்கள், ஸ்டூல் தடுக்கும். எனக்கு இருட்டிலேயே கை போகும். இதோ.

எப்படி? இழை அறுந்து, குப்பையில் கிடந்த பல்பு. உங்கள் கைரேகைகூடத் தெரிகிறது அல்லவா?

இப்போது கேளுங்கள். நான் மூச்சுக்கூட விட மாட்டேன். நன்றாகக் காதைக் கொடுங்கள். கீழே வந்து நின்றே கேளுங்கள். உங்களுக்கும் அறுபத்தைந்துக்கு மேல் இருக்குமே, பொய் சொல்லுகிற வயசு இல்லை.

கேட்கிறதா?

இல்லை அல்லவா? ஒன்றுமே இல்லை. அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எதற்குப் பையை எடுக்கிறீர்கள்? கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. சர்க்யூட்டை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. உங்கள் காயிலைக் கொடுங்கள், பிரித்துப் புதுசாகச் சுற்றித் தருகிறேன். நீங்கள் சும்மா இந்த முனையைப் பிடித்துக்கொண்டால் போதும். கரண்ட் வரட்டும், அப்புறம் போகலாம். அது வரைக்கும் ஏதாவது பேசுங்கள். உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அதையாவது சொல்லுங்கள்.